உம் கொட்டியவனுக்கு

மச்சான்,

நேற்று மெரிலேண்ட்ஸ் ரயில் ஸ்டேஷனடிக் கடையொன்றில் கோப்பிக்கொட்டையோடு ஏலக்காயும் சேர்த்து அரைத்துக்கொண்டிருந்தார்கள். வாசம் ரோட்டைக் கடந்து வந்தது. பால் வாங்கப் போன நான், வாங்காமல் அப்படியே நின்றுவிட்டேன். உன்னுடைய கராஜின் வாசம் அது. ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் யூசுப் போத்தலில் கொண்டுவருகிற கோப்பி. நீ அதற்குள் கள்ளமாகச் சீனி போட்டு, உன் மனைவி எட்டிப் பார்த்தால் கப்பை என் பக்கம் தள்ளிவிடுவாய்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இப்படி ஒரு வேலையைத் தொடக்கி, பாதியில் என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாய்.

வேலையால் நின்றவர்கள் தக்காளி நடுகிறார்கள், கோயிலுக்குப் போகிறார்கள், பேரப்பிள்ளைகளை நீச்சல் வகுப்புக்கு ஏற்றி இறக்குகிறார்கள். நீ காரை ரோட்டில் விட்டுவிட்டு, கராஜுக்குள் கதிரைகளைப் போட்டு, பலஸ்தீனரையும் யூதரையும் கூப்பிட்டு இருத்தினாய். நம்முடைய ஆட்கள் சிரித்தார்கள். சொந்தப் பிரச்சினையே தீரவில்லை, இவர் இஸ்ரேல் பிரச்சினையைத் தீர்க்கப் போகிறாராம் என்றார்கள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். நீ கோபப்படவில்லை.

"எங்களுக்கு நீதி இல்லாத சமாதானத்தைத் தந்தவங்கள் மச்சான். நாங்கள் அதை ருசி பாத்த சனம். அது எப்பிடிக் கசக்கும் எண்டு ஆராவது சொல்லத்தானே வேணும்."

அதற்குமேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த ஞாயிறு வடைப் பார்சலோடு வந்து நானும் ஒரு கதிரையில் இருந்தேன்.

வந்தவர்களில் பலர் போகப் போக நின்றுவிட்டார்கள். நிற்காதவர்கள் இரண்டு பேர். டைல்ஸ் பதிக்கிற யூசுப் காசாவில் பிறந்தவன். அவனுடைய அக்காவும் பிள்ளைகளும் அங்கேயே இருந்தார்கள். ரூத் பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கடற்கரைப் பக்கமிருந்து பஸ்சும் ரயிலும் மாறி வருவார். அவருடைய தம்பி குடும்பம் இஸ்ரேலில், காசா எல்லைக்குக் கிட்ட இருந்தது. யூசுப் முதலில் நீதி என்பான். பறிபோன நிலம், திரும்பிப் போகும் உரிமை, ஒவ்வொரு சந்தியிலும் துவக்கு நீட்டாத வாழ்க்கை. ரூத் முதலில் சாவு நிற்கட்டும் என்பார். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் பயமில்லாமல் நித்திரை கொள்ளட்டும், மற்றதெல்லாம் பிறகு. மேசையில் குத்தி வாதாடுவார்கள். முடிந்ததும் ரூத்தை ஸ்டேஷனில் இறக்கிவிடுவது யூசுப்பின் வான்தான். சீமெந்துப் பைகளுக்கு நடுவே அந்த அம்மா ஏறி இருப்பதைப் பார்க்கும்போது, இது சரிவரும் போலிருக்கிறதே என்று எனக்கே ஒரு நப்பாசை வந்தது.

பிறகு அந்த ஒக்டோபர் வந்தது. எல்லை தாண்டி வந்தவர்கள் ரூத்தின் தம்பி மகனைக் கொன்றுவிட்டார்கள். அதைத் தொடர்ந்து காசாவில் விழுந்த குண்டில் யூசுப்பின் அக்கா வீடு இடிந்து போனது. அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்பதே கிழமைக்கணக்காகத் தெரியவில்லை. இனி ஒருவரும் வரமாட்டார்கள் என்று நான் கதிரைகளை மடிக்கத் தொடங்கினேன். நீ அவற்றை வாங்கித் திரும்ப விரித்தாய். இருவரும் வந்தார்கள்.

அந்தப் பின்னேரத்தை நான் மனதுக்குள் எத்தனையோ தரம் ஓட்டிப் பார்த்துவிட்டேன். ரூத் முதலில் பேசினார். தம்பி மகனைப் பற்றிச் சொன்னார். நீ முன்னால் குனிந்து அவர் முகத்தையே பார்த்தபடி, "யெஸ்... யெஸ்..." என்று கேட்டுக்கொண்டிருந்தாய். வேதனைக்கு நடுவே, குண்டு போடாமல் எங்கள் அரசாங்கம் வேறு என்னதான் செய்யும் என்று ஒரு வார்த்தை அவர் வாயில் வந்துவிட்டது. நீ அதற்கும் "யெஸ்" என்றாய். யூசுப் நிமிர்ந்து உன்னைப் பார்த்தான். பிறகு அவன் பேசினான். அக்காவின் குரலைக் கடைசியாகக் கேட்ட நாளைச் சொன்னான். அழுதான். இத்தனை வருஷம் எங்களை அடைத்துவைத்தவர்கள் வேறு எதை எதிர்பார்த்தார்கள் என்றான். நீ அதே குரலில், அதே குனிந்த முகத்தோடு, அதற்கும் "யெஸ்" என்றாய்.

எதற்கு ஆம் என்றாய் என்று ரூத் கேட்டார். அதையே யூசுப்பும் கேட்டான். உன்னை நம்பி வந்தேனே என்று இருவரும் சொன்னார்கள். அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம், நீ ஒரு இரட்டை நாக்குக்காரன் என்பதுதான். ரூத் அன்று ஸ்டேஷனுக்கு நடந்து போனார்.

நீ கராஜ் வாசலில் நின்று என்னிடம் சொன்னாய்:

"நான் உம் கொட்டினனான் மச்சான். உம் கொட்டாட்டி சொல்லுறவர் எப்பிடிச் சொல்லுவார்?"

நமக்கு அது விளங்கும். கேட்டுக்கொண்டிருக்கிறேன், நிற்பாட்டாதே, மிச்சத்தையும் சொல்லு. அதற்குமேல் அந்த உம்முக்கு ஒரு பொருளும் இல்லை. இந்த நாட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மாற்றிக்கொண்ட நீ, உம்மை மட்டும் விடாமல் அதை "யெஸ்" ஆக்கி வைத்திருந்தாய். பேங்கிலும் டொக்டரிடமும் அதனால் ஒரு கேடும் வந்ததில்லை. அதைக் கொண்டுபோய் அந்த இரண்டு பேருக்கும் நடுவிலா வைப்பாய், மடையா?

புற்றுநோய் விட்டுவைத்த காலமெல்லாம் அதை விளங்கப்படுத்துவதிலேயே உனக்குப் போனது. கீமோ ஏற்றிவிட்டு வந்த நாட்களிலும் போனும் கையுமாக இருந்தாய். விளங்குகிறது, ஆனால் அந்த யெஸ் காதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது என்றார் ரூத். யூசுப்பும் ஏறக்குறைய அதையே சொன்னான். ஆஸ்பத்திரிக்கு இருவரும் வந்தார்கள், வேறு வேறு நேரங்களில். ஒரே நேரத்துக்கு வரப்பண்ண நீ போட்ட திட்டங்களை நினைத்தால் இப்போதும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது. ஒருமுறை யூசுப்பிடம் ஒரு மணித்தியாலம் முந்தி வரச்சொல்லிவிட்டு ரூத்தைப் பேச்சுக் கொடுத்துப் பிடித்து வைத்திருந்தாய். கடைசியில் மருந்து மயக்கத்தில் நீயே தூங்கிவிட்டாய். உன் செத்தவீட்டில் மண்டபத்தின் ஒரு கரையில் அவர், மறுகரையில் அவன்.

நீ போன பிறகும் செய்தி நிற்கவில்லை. போர்நிறுத்தம் என்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டவுடன், அடுத்த சண்டை தொடங்க முன்னம் மாவும் மண்ணெண்ணெயும் வாங்கிவைக்க ஓடின ஊர்க்காரர் நாங்கள். எனக்கு நெஞ்சு குளிரவில்லை. கையெழுத்துப் போடுகிறார்கள், கை குலுக்குகிறார்கள், பிறகும் பிள்ளைகளை வெள்ளைத் துணியில் சுற்றித் தூக்கி வருகிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை மச்சான். உன்னிடம் சமாதானம் சொல்லி மழுப்ப எனக்கு விருப்பமில்லை.

ஆனாலும் நான் இரண்டு பேரிடமும் போய்வருகிறேன். போன மாதம் யூசுப் வீட்டில் இருந்தபோது அவன் திடீரென்று கேட்டான், ரூத்தின் தம்பி மகனுடைய பெயர் என்னவென்று. அன்று ரூத் சொல்லியிருப்பார், தான் காதில் வாங்கவில்லை என்றான். நானும் மறந்திருந்தேன். வெளியே வந்து ரூத்துக்குப் போன் எடுத்து, யார் கேட்டது என்பதையும் சொன்னேன். யூசுப்பா கேட்டான் என்று திரும்பக் கேட்டார். பிறகு, ஈத்தான் என்றார். அக்காவின் பிள்ளைகளின் பெயர்களை அவனிடம் கேட்டுச் சொல் என்றார்.

கேட்டுச் சொன்னேன். அக்காவும் மூத்தவர்கள் இருவரும் கூடாரத்தில் இருக்கிறார்கள். சின்னவள் ஹனீன். இடம்பெயர்ந்து ஓடும்போது சனத்துக்குள் கை விடுபட்டுப் போனவள். இன்றுவரை தகவல் இல்லை.

அன்றிலிருந்து ரூத் தினமும் காலையில் எனக்குப் போன் எடுக்கிறார். வேறு கதை இல்லை. ஹனீனைப் பற்றி ஏதாவது தெரிந்ததா? இல்லை என்கிறேன். சரி, நாளைக்குக் கேட்கிறேன் என்று வைத்துவிடுகிறார். நான் அதை யூசுப்பிடம் சொல்வேன். அவன் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்ப்பான். ஒரே அறையில் இருக்க இரண்டு பேரும் இன்னும் சம்மதிக்கவில்லை. கேட்டும் பார்த்துவிட்டேன்.

இன்று காலையும் ரூத் கேட்டார். யூசுப்பிடம் போய்ச் சொன்னேன். அவன் தரையில் குந்தியிருந்து டைல்ஸை அளந்துகொண்டிருந்தான். நிமிராமலே சொன்னான், ஹனீனைப் பற்றி அங்கிருந்து இனி ஒரு போனும் வராது, அது தனக்கு எப்போதோ தெரியும் என்று. பிள்ளை இல்லை, அங்கிள். ஆனாலும் காலையில் அவர் கேட்டாரா என்று பார்த்துக்கொண்டிருப்பேன் என்றான்.

இதை நான் ரூத்திடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் கேட்பதை நிறுத்திவிடுவார். நிறுத்தினால் அந்த இருவருக்கும் நடுவில் பிறகு ஒன்றுமே இல்லை. நாளைக்கும் போன் வரும், நானும் இன்னும் தெரியவில்லை என்றுதான் சொல்லப்போகிறேன்.