பதினான்கு நாட்களுக்குள் சரணடையலாம்

பெப்ரவரி 17, திங்கள்

நாற்பது பாகை வெயில். தபால்பெட்டியைத் தொட முடியவில்லை. லைட் பில், பீட்சாக் கடை நோட்டீஸ், நகரக் கவுன்சில் கடிதம் ஒன்று. நான்கு பக்கம் இங்கிலீஸ். ஃபோனால் படம் பிடித்துத் தமிழில் வாசித்தேன். முதல் வரி: “பதினான்கு நாட்களுக்குள் நீங்கள் சரணடையலாம்.”

அதற்கு மேல் வாசிக்கவில்லை. ஊரில் சண்டையின் கடைசி நாட்களில் தம்பி அந்தச் சொல்லை நம்பி, வெள்ளைத் துணியோடு போனவன். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. கடிதத்தை மடித்துக் குசினி மேசை லாச்சிக்குள் போட்டு மூடினேன். யாரிடமும் கேட்க வெட்கம். இத்தனை வருடம் மெல்பேணில் இருந்துவிட்டு ஒரு கடிதம் வாசிக்கத் தெரியாதாம்.

மனைவி மாலாவிடம் குப்பை வாளி விஷயம் என்றேன். மனுசி நம்பிவிட்டாள்.

பெப்ரவரி 26, புதன்

காற்றே இல்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் டேட்டா சென்டர். ஜன்னலே இல்லாத சாம்பல் கட்டடம். கூரை நிறைய ராட்சத விசிறிகள். உள்ளே கம்ப்யூட்டர்களுக்கு வியர்க்கக் கூடாதாம், எங்களுக்கு வியர்த்தால் பரவாயில்லை. வெயில் ஏற ஏற அதுவும் கத்தும். ஊஊ என்று ஒரே சுருதி.

மாலா நான்கு மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை. மத்தியானம் தேடினால் ஆளைக் காணவில்லை. உடுப்பு அலமாரி அறைக்குள், என் குளிர்க்கோட்டுகளுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருக்கிறாள்.

“இஞ்சதான் கொஞ்சம் குறைவாக் கேக்குது. கதவைச் சாத்துங்கோ.”

சாத்தினேன். வேலைக்குப் போக மனமில்லை. போனேன்.

வாங்க: பால், வெங்காயம், காது அடைப்பான் (போன தடவை வாங்கியது உதவாது).

மார்ச் 8, சனி

புல் வெட்டினேன். பின்வேலிக்கு அப்பால் வெறும் காணி. முட்செடி, முயல். இன்று அங்கே நிலம் அளந்து அடித்த, ரிப்பன் கட்டிய முளைகள். பக்கத்து வீட்டுச் செந்தில் எட்டிப் பார்த்தார். மதுரைக்காரர், ஐ.டி. வேலை.

“அங்கிள், அப்ஜெக்‌ஷன் போட்டீங்கல்ல?”

“என்ன அப்ஜெக்சன்?”

“ரெண்டாவது டேட்டா சென்டர் இங்கதான வருது. எதிர்ப்பு இருந்தா சப்மிஷன் போடச் சொல்லி லெட்டர் வந்துச்சே. போன திங்கட்கிழமையோட முடிஞ்சிருச்சு. நான் வேலை பாக்குறதே இந்த மாதிரி கம்பெனிக்குத்தான், நானே பயந்து பயந்து போட்டேன். உங்க வீடுதான் ரொம்பக் கிட்ட அங்கிள். உங்க லெட்டர்தான் நிக்கும்னு பேசிக்கிட்டோம்.”

லாச்சியைத் திறந்து கடிதத்தைக் கொண்டுவந்தேன். ஃபோனில் வந்த தமிழையும் காட்டினேன். சிரிக்கத் தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். கருத்து எழுதிக் கொடுப்பதற்கும் சரணடைவதற்கும் இங்கிலீஸில் ஒரே சொல்லாம், சப்மிட்.

“இந்த ட்ரான்ஸ்லேஷனும் இந்த மாதிரி ஒரு கட்டடத்துல இருந்துதான் வருது அங்கிள்,” என்றார் மெதுவாக.

நான் ஒரு மடையன். வேறென்ன எழுத? எங்கள் படுக்கையறை பின்பக்கம்தான்.

மார்ச் 11, செவ்வாய்

நேற்று பொது விடுமுறை, கவுன்சில் பூட்டு. இன்று வேலைக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டுப் போனேன். மேகம், மழை இல்லை. செந்தில் எழுதித் தந்த ஒரு பக்கம். அதன் கீழே என் கையால், என் இங்கிலீஸில், ஒரு வரி: என் மனைவி அலமாரிக்குள் தூங்குகிறாள்.

கவுன்டரில் இருந்த பிள்ளை நல்லவள். வாங்கி முத்திரை குத்தினாள். தேதி முடிந்துவிட்டது, உறுதி சொல்ல முடியாது என்றாள். உறுதி வேண்டாம் பிள்ளை, அந்தக் கடைசி வரியையாவது யாரும் வாசியுங்கோ என்று சொல்ல நினைத்தேன். “தேங்க்யூ” மட்டும்தான் வாயில் வந்தது.

மாலாவிடம் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 20, வியாழன்

குளிர் தொடங்குகிறது. கவுன்சில் கடிதம். ஒரே பக்கம். செந்திலிடம் போகவில்லை. எதற்கு? ஃபோனைப் பிடித்தேன்.

“உங்கள் சரணடைவு தாமதமாகக் கிடைத்தது. அதை ஏற்க இயலாது. கட்டடத்துக்கு அனுமதி வழங்கப்பட்டுள்ளது.”

மாலா எப்போது வந்து பின்னால் நின்றாள் என்று தெரியாது. தோளுக்கு மேலால் எட்டி, முழுவதையும் வாசித்துவிட்டாள்.

“ஆர் சரணடைஞ்சது?”

“நான்தான்.”

தலையணையை எடுத்துக்கொண்டு அலமாரி அறைக்குள் போனாள். கதவைச் சாத்தினேன்.