பாதி ஷட்டர்

3 ஜூன் 2025, செவ்வாய்

இன்று இரண்டு பேர் வந்தார்கள். ஒருவருக்கு ஆதார் நகல். இன்னொருவர் வழி கேட்டார்.

கடலூர் ஓ.டி. என்கிற ஓல்டு டவுனில் இந்தப் பழைய சுங்கத் தெருவில் நாற்பத்தொரு கடைகள். இருபத்து மூன்று பூட்டிக் கிடக்கின்றன. எண்ணிப் பார்த்தேன், வேறு வேலை இல்லை. காலனியிலிருந்து வந்து இங்கே கடை எடுத்த முதல் ஆள் நான். அதுவும் தெரு செத்த பிறகு. அதனால்தான் கிடைத்ததோ?

அப்பாவுக்கு இது இன்னும் நம்ப முடியாத செய்தி. சிப்காட் கெமிக்கல் ஆலையில் இருபத்தாறு வருடம் ஒப்பந்த வேலை. நுரையீரல் பாதிதான் மிச்சம். மூச்சு வாங்க நடந்து வந்து, எதிர்ச்சாரியில் நின்று, 'எழிலன் ஜெராக்ஸ்' என்ற பலகையைப் பார்த்துவிட்டுப் போகிறார்.

"உள்ள வாயேம்ப்பா."

"வாணாம். வாடிக்கைங்க வர்ற நேரம்."

வாடிக்கை. ஒரு ஆதார்.

11 ஜூன்

கோவிந்தசாமி கூட்டம் போட்டார். ஹார்டுவேர் கடைக்காரர், தெரு வணிகர் சங்கத் தலைவர், என் கடைக் கட்டடமும் அவருடையது. பதினெட்டுப் பேர் வந்தோம். "யாரும் வந்து நம்மளத் தூக்கி வுடப் போறதில்ல. நாமளேதான் செஞ்சிக்கணும்" என்றார். சாக்கடை, விளக்கு, ஒரே நிறத்தில் கதவுகள், சனிக்கிழமை மாலை வண்டிகளை நிறுத்திவிட்டுத் தெருச்சந்தை.

செயலாளர் யார் என்றதும் பேக்கரி லூர்துசாமி என்னைக் கை காட்டினார். "எம்.ஏ. படிச்ச புள்ள. சும்மாதான ஈ ஓட்டிக்னு கீது."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டில் சொன்னதும் அப்பா எழுந்தார். என் சட்டையை எடுத்துக்கொண்டு இஸ்திரி போடப் போனார்.

22 ஜூன், ஞாயிறு

சாக்கடை தூர் வாரினோம். எட்டு வண்டி சேறு. மேலே நின்றவர்கள் யார், உள்ளே இறங்கியவர்கள் யார் என்று எழுதவில்லை. எனக்குத் தெரியும்.

ஆனாலும் கதவுகளுக்கெல்லாம் ஒரே நீலம் அடித்த பிறகு, மாலை வெயிலில் தெரு அழகாகத்தான் இருந்தது. அந்த அழகில் எனக்கும் பங்கு இருக்கிறது என்று நினைத்தேன். பெருமையாகவே நினைத்தேன்.

5 ஜூலை, சனி

முதல் சந்தை. ஐந்து மணிக்கே கூட்டம். தெருவில் குழந்தைகள் நடுவழியில் உட்கார்ந்து பஜ்ஜி தின்பதை நான் இதற்குமுன் பார்த்ததில்லை. லூர்துசாமியிடம் பன் தீர்ந்துவிட்டது. "ரெண்டு வருஷமாச்சுப்பா, தீந்து போச்சின்னு ஒரு வார்த்த சொல்லி" என்றார்.

ஐந்தரைக்கு மேளம்.

காலனியிலிருந்து உத்திராபதி மாமாவின் சாவு. எங்கள் சுடுகாட்டுக்கு நல்ல வழி இந்தத் தெரு ஒன்றுதான். சாவு போகும்போது இங்கே எல்லாக் கடையும் ஷட்டரைப் பாதி இறக்கும். யார் சாவானாலும். எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. வரிசையாகச் சடசடவென்று இறங்கியது. கோவிந்தசாமி செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார். நானும் இறக்கினேன்.

பூ பஜ்ஜித் தட்டில் விழுந்தது. வெடிச் சத்தத்தில் குழந்தைகள் அழுதன. பத்து நிமிடத்தில் தெரு காலி.

அப்பாவும் ஊர்வலத்தில் வந்திருந்தார். வீட்டில் சொன்னார்:

"பாத்தியா, கோயிந்தசாமி எழுந்து நின்னாரு. உத்திராபதி உயிரோட இருக்கசொல்ல அந்தக் கடையில ஆணி வாங்கப் போனா, வெளியவே நிக்க வச்சிக் குடுப்பாங்க. அந்தத் தெரு நமக்குத் தர்ற மருவாதி ஒரே ஒரு தபாதான். ஆனா அத கரெக்டா தந்துடும்."

இருமிக்கொண்டே சிரித்தார்.

9 ஜூலை

கூட்டம். கலெக்டருக்கு மனு எழுதுவது என் பொறுப்பு. ஆறு அம்சங்கள் ஏற்கெனவே தயார்: விளக்கு, கழிப்பறை, குப்பைத் தொட்டி, சனிக்கிழமை வண்டித் தடை, இன்ன பிற. ஒரு பக்கத்தில் அடங்கியிருந்தது.

கோவிந்தசாமி தொண்டையைக் கனைத்தார். "இன்னொண்ணு. ஊர்வலம். தப்பா நெனைக்காத எழிலா. பொதுவாத்தான் சொல்றேன்."

யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்க்காமல் இருந்தார்கள்.

"எழுதிடறேன்" என்றேன். என் குரல்தான்.

'அனைத்து இறுதி ஊர்வலங்களையும் வாய்க்கால் கரை வழியாகத் திருப்பிவிட வேண்டுகிறோம்.' அனைத்து என்று போட்டதும் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. ஏழாவது அம்சத்துக்காக இரண்டாம் பக்கம் தேவைப்பட்டது. அதன் கீழே கையெழுத்துகள். செயலாளர் என்பதால் முதலில் என்னுடையது.

13 ஜூலை, ஞாயிறு. சிதம்பரம்

இசைவாணியைப் பார்க்க ரயிலில் போனேன். பல்கலைக்கழகத்தில் என் வகுப்புத் தோழி, இப்போது அங்கே ஒரு தனியார் கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். ஸ்டேஷன் பக்கம் டீக்கடையில் மனுவைக் காட்டினேன். பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தேனா?

முதல் பக்கத்துக்குத் தலையாட்டினாள். இரண்டாம் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

"இது யாருக்குடா?"

"எல்லாருக்குந்தான். அனைத்துன்னு போட்டிருக்கேன் பாரு."

"கோவிந்தசாமி வூட்டுல ஒரு சாவுன்னா எந்த வழியா போவும்?"

"அவுங்க சுடுகாடு ஆத்தங்கரைப் பக்கம்."

"லூர்துசாமி?"

"அவுங்களுக்குக் கோயில் கல்லறை. பெரிய ரோடு."

"அப்போ அந்தத் தெரு வழியா போறது யாரு?"

அவள் மனுவை நான்காக மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள். "நாளைக்குத்தான குடுக்கணும். இன்னும் ஒரு நாள் இருக்கு."

திரும்பும் ரயிலில் காரணங்கள் தேடினேன். நிறையக் கிடைத்தன. அதுதான் படிப்பு.

14 ஜூலை

கொடுத்தேன். ஏழு அம்சங்களுடன்.

16 ஆகஸ்ட்

ஏழாவது சந்தை. பூட்டிய கடைகளில் ஒன்பது திறந்துவிட்டன. என் கடையில் வரிசை நிற்கிறது. கல்லூரிப் பெண்கள் புராஜெக்ட் பைண்டிங்குக்கு வருகிறார்கள். இது பொய்யான வெற்றி இல்லை. அதுதான் சிக்கல்.

3 செப்டம்பர்

உத்தரவு வந்துவிட்டது. ஏழும் ஏற்கப்பட்டன. தெருமுனையில் பலகை வைத்திருக்கிறார்கள். மனுவின் ஏழாவது வாக்கியம், 'வேண்டுகிறோம்' தவிர ஒரு சொல்கூட மாறாமல் இருக்கிறது.

அப்பா இன்று பலகை முன்னால் நின்றார். எழுத்துக் கூட்டிப் படிப்பவர், நேரம் எடுத்தது. முதன்முறையாகக் கடைக்குள் வந்தார். முக்காலியில் உட்கார்ந்தார்.

"இத யாரு எழுதுனது?"

"சங்கம்."

"ம்." மெஷினைத் தடவிப் பார்த்தார். "நல்லா எழுதிக்கீறாங்க."

தண்ணீர் கேட்டார். குடித்தார். போய்விட்டார்.

9 செப்டம்பர்

அப்பா வரவில்லை. எதிர்ச்சாரி காலியாக இருக்கிறது.

20 அக்டோபர், தீபாவளி

தெருவில் நிற்க இடமில்லை. அப்பா ஆஸ்பத்திரியில். ஆக்சிஜன்.

18 நவம்பர்

காலை ஆறே கால். அப்பா.

19 நவம்பர்

எழுத முடிகிறதா பார்க்கிறேன்.

இரண்டு நாளாக மழை. வாய்க்கால் கரை முழுக்க முழங்கால் சேறு. தெரு வழியாகத்தான் போவது என்று காலனியில் எல்லோரும் ஒரே பேச்சாக இருந்தார்கள். "இன்னிக்கிச் சனிக்கிழமகூட இல்ல, புதன். எவன் கேக்கறான் பாப்போம்." நான் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தேன்.

தெருமுனையில் போலீஸ். சத்தம் போடவில்லை, மரியாதையாகத்தான் பேசினார். வாக்குவாதம் ஏறியதும் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். மழைத்துளி விழாமல் கையால் மறைத்துக்கொண்டார்.

"எழிலன்றது நீங்கதானே தம்பி? இது உங்க கையெழுத்துதானே?"

என் மெஷினில் எடுத்த நகல். இடது ஓரத்தில் அந்தக் கறுப்புக் கோடு. டிரம்மில் கீறல், மாற்ற வேண்டும் என்று ஜூலையிலேயே நினைத்தேன்.

எல்லோரும் தாளைப் பார்த்தார்கள். பிறகு என்னை. மேளம் தானாக நின்றது.

தெருவில் ஷட்டர்கள் முழுதாகத் திறந்திருந்தன. தூரத்தில் கோவிந்தசாமி உட்கார்ந்துதான் இருந்தார். இறக்கத் தேவை இல்லையே. சாவுதான் தெருவுக்குள் வரவில்லையே.

பெண்கள் பாதி வழியோடு நின்றுவிடுவது வழக்கம். அம்மா நிற்காமல் முன்னால் வந்தாள்.

"திருப்புங்கடா" என்றாள். "அவுரு சொல்லிட்டுத்தான் போனாரு. வாய்க்கா பக்கமே எடுத்துக்னு போங்க, புள்ளைக்கித் தொல்ல வாணான்னு."

அப்போ அப்பாவுக்குத் தெரியும். செப்டம்பரிலேயே தெரியும். அந்த முக்காலியில் உட்கார்ந்தபோதே –

கரையில் இரண்டு முறை பாடை சாய்ந்தது. பிடித்துக்கொண்டார்கள். பூவெல்லாம் வாய்க்கால் தண்ணீரில் போனது. யாரும் என்னிடம் பேசவில்லை. திட்டியிருக்கலாம். ஒருத்தர்கூடவா திட்டக் கூடாது?

2 டிசம்பர்

அம்மா சோறு போடுகிறாள். பேசுகிறாள். அந்தத் தெருவைப் பற்றி மட்டும் கேட்பதில்லை.

7 டிசம்பர்

இசைவாணிக்கு எழுதினேன். அழித்தேன்.

13 டிசம்பர், சனி

மதியம் கோவிந்தசாமி இரண்டு பேரை அழைத்து வந்தார். சிதம்பரத்தில் ஏதோ ஒரு தெருவின் வணிகர்கள். அவர்கள் தெருவும் முன்பு எங்களுடையது இருந்ததைப் போல இருக்கிறதாம். எங்கள் தெருவைப் பார்த்து அசந்துபோயிருக்கிறார்கள். "நம்ம மனு ஒரு காப்பி வேணுமாம் எழிலா. அப்படியே பாத்து எழுதிக்குவாங்க. உன் தமிழ்தான் வேலைய முடிச்சுதுன்னு சொன்னேன்."

மனுக் கோப்பை எடுத்தேன். அப்போது பின்னால், வாய்க்கால் பக்கமிருந்து மேளம் கேட்டது. யார் என்று தெரியவில்லை. காலனியில் இப்போது எனக்கு யாரும் சொல்லி அனுப்புவதில்லை.

வெளியே போய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, குனிந்து உள்ளே வந்தேன்.

"இன்னாப்பா, மூடறியா?"

"சாவு போவுது."

"இந்தப் பக்கம் இல்லியே."

"ஆமா. இந்தப் பக்கம் இல்ல."

கோவிந்தசாமி என்னைப் பார்த்தார். முக்காலியில் உட்கார்ந்திருந்தவர் எழுந்திருக்கவில்லை. வந்தவர்கள் இருவரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேளம் தேய்ந்து அடங்கும்வரை நான் மெஷினைத் தொடவில்லை.

பிறகு முதல் பக்கத்தை நகலெடுத்துக் கொடுத்தேன்.

"ஒரு பக்கந்தானா சார்?"

"அவ்ளோதான்."

கோவிந்தசாமிதான் முதலில் எழுந்தார். குனிந்து வெளியே போனார்கள், ஒருவர் பின் ஒருவராக. இரண்டாம் பக்கம் அவரிடமும் ஒன்று இருக்கிறது. சாயங்காலமே அவர்களுக்கு அனுப்பிவிடுவார். தெரியும்.

ஷட்டரை இன்னும் ஏற்றவில்லை. வெளியே சந்தைக்கு விளக்கு போடுகிறார்கள். யாரோ குனிந்து பார்த்து, கடை இல்லை என்று போகிறார்கள். எதிர்ச்சாரியில் நிற்பவர்களின் கால்கள் மட்டும் தெரிகின்றன.