பெயர்களைத் தர மறுத்து நன்முகை தேவியார் விடுத்த ஓலை

"மகளே, களத்தில் அஞ்சுகிறவனை நீ என்ன செய்வாய்?" என்று, நன்முகை தேவியார் முடிசூடிய நாளில் வாழ்த்த வந்த கருங்குன்ற வேந்தர் கேட்டருளினார். அன்று தேவியார்க்கு விடை தெரியவில்லை. இன்று தெரிகிறது. ஆகவே இவ்வோலை.

நலம் ஓங்குக! மலைச்சுனைகளுக்கு உரியவர், யானை பழக்கிய குலத்தின் தலைமகன், எம் அரசியாரின் தந்தைக்குத் தோளோடு தோள் நின்ற தோழர், கருங்குன்ற வேந்தர் மாவேங்கை அவர்களின் திருமுன்னர், வெண்கழி நாடாளும் நன்முகை தேவியார் சொல்லியருளியபடி, ஓலையமைச்சன் சேந்தன் கீரன் எழுதுவது. தங்கள் மலையில் மழை தவறாதிருக்க; தினையும் தேனும் பெருகுக; தங்கள் வாசலுக்கு வந்தவர் எவரும் பசியோடு திரும்பாதிருக்க. இங்கே உப்பும் மீனும் நெல்லும் குறைவின்றி உள்ளன. அரசியார் நலம். கழிமுகக் கோட்டை நிற்கிறது.

தங்கள் இளவல் விடங்கனார் நேரில் கொணர்ந்த ஓலை அவையில் படிக்கப்பட்டது. கடற்கொள்ளையரோடு நடந்த போரின் விடியலில், எம் படைத்தலைவர் எலெயாசர் வீரர் பலரை வீட்டுக்கு அனுப்பினார் என்றும், அவர்களுள் அச்சத்தால் போனவர்களின் பெயர்களை எழுதித் தரவேண்டும் என்றும், தராவிட்டால் எலெயாசரைக் கட்டித் தங்களிடம் ஒப்படைக்கவேண்டும் என்றும், இரண்டும் இல்லையேல் மலைநாட்டு வேல் இனிக் கடற்கரைக்கு இறங்காது என்றும் அதில் கண்டிருந்தது. அரசியார் அதை மறுமுறை படிக்கச் சொன்னார். தங்கள் வேல் இல்லாமல் இந்தக் கரை எத்தனை மெலிந்தது என்பதை அவரைவிட அறிந்தவர் இல்லை.

எலெயாசர் யூதக் குடியில் பிறந்தவர். அவர் முன்னோர் அரசியாரின் பாட்டனார் காலத்தில் கப்பலில் வந்து, துறைமுகத்தை அடுத்த தெருவில் குடியேறினார்கள். தம் கடவுள் ஒரு மலைமேல் மோசே என்னும் தலைவர் கையில் தந்தருளியது என்று ஒரு வேதத்தை உயிராகப் போற்றுகிறவர்கள். அந்த வேதம் கோயிலுக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று என்று அறத்தை இரண்டாக வெட்டி வைக்கவில்லை. பலியிடும் முறையைச் சொல்லும் அதே வாய், புது வீடு கட்டினால் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்பு, ஒருவன் விழுந்து செத்தால் அந்த இரத்தம் உன் வீட்டின்மேல் விழும் என்கிறது. வயலை ஓரம்வரை அறுத்துவிடாதே, ஏழைக்கும் அயலூரானுக்கும் விடு என்கிறது. போரடிக்கும் மாட்டின் வாயைக் கட்டாதே என்கிறது. இத்தகைய மக்கள் தம் நாட்டில் வாழ்வதை அரசியார் தம் முடியில் பதித்த முத்தாகக் கருதுகிறார்.

இனி, அந்த விடியலில் நடந்ததை அரசியார் கோட்டை மதில்மேல் நின்று கண்டபடியே கேட்டருள்க.

கடலில் பாய்கள் தெரிந்தன. மணலில் எம் படையும், அதன் வலப்புறம் விடங்கனாரின் மலைப்படையும் அணிவகுத்திருந்தன. அப்போது யூதக் குடியின் பெரியவர் தம் வேதத்திலிருந்து போருக்கு முன் சொல்லவேண்டிய நான்கு சொற்களை ஓத, எலெயாசர் அவற்றை எல்லார்க்கும் கேட்கும்படி தமிழில் உரத்துச் சொன்னார். புது வீடு கட்டி இன்னும் குடிபுகாதவன் திரும்பிப் போகலாம். திராட்சைத் தோட்டம் வைத்து அதன் கனியை இன்னும் சுவைக்காதவன் போகலாம். பெண்ணை நிச்சயித்து இன்னும் மணம் முடிக்காதவன் போகலாம்.

இந்நாட்டில் திராட்சை ஏது? தென்னை வைத்தவனும் வாழை வைத்தவனும் தாமாகவே அதைத் தமக்கென்று எடுத்துக்கொண்டார்கள். படகோட்டி கொம்பன் என்பவன் வரிசையிலிருந்தபடியே, "ஐயா! எனக்கு வீடும் இல்லே, தோப்பும் இல்லே, பொண்ணும் எவனும் தரமாட்டேங்கிறான். எனக்குன்னு ஒரு சொல்லு உங்க வேதத்துல இல்லியா?" என்று கூவினான். படை முழுதும் சிரித்தது. "இருக்குப்பா, நாலாவது இருக்கு. கொஞ்சம் பொறு" என்றார் எலெயாசர். பிறகு அதையும் சொன்னார்: அஞ்சி நெஞ்சு தளர்ந்தவன் எவனோ, அவனும் போகலாம்; அவனைக் கண்டு அவன் உடன்பிறந்தார் நெஞ்சும் உருகிவிடாதிருக்கட்டும்.

சிரிப்பு நின்றது. கொம்பன் நின்ற இடத்திலேயே நின்றான். பலர் வரிசையை விட்டு விலகி நடந்தார்கள். விடங்கனார் குதிரைமேல் இருந்தபடி, "இது படையா, சந்தையா? பொழுது விடியுமுன்னே கலைகிறதே!" என்று மதிலை நோக்கிக் கத்தினார். வரிசைகள் மெலிவதைக் கண்டு அரசியாரும் அஞ்சினார். இதை மறைக்காமல் எழுதும்படி அவரே சொன்னார்.

ஆனால், வேந்தே, போனவர்கள் போய்ப் படுத்துவிடவில்லை. களத்தை விட்டவன் தண்ணீரும் சோறும் சுமக்கவேண்டும், பாதையைச் செப்பனிடவேண்டும் என்பது அக்குடிப் பெரியோர் வகுத்த முறை. அன்று பகல் முழுதும் கோட்டைக்குள் ஒரு குடமும் வறண்டதில்லை. கழிமேட்டுப் பாதை உடைந்த இடமெல்லாம் உடனுக்குடன் அடைபட்டது. நின்றவர்கள் பக்கத்தில் நிற்பவன் ஓடுவானோ என்று திரும்பிப் பார்க்கவேண்டிய தேவையே இல்லாமல் போரிட்டார்கள். மாலையில் கொள்ளையர் பாய்கள் வந்த வழியே திரும்பின. இது எம் அரசியார் கண்ட வெற்றிகளில் தலையாயது.

பெயர்களைக் கேட்ட விடங்கனாரிடம் எலெயாசர் அவையில் சொன்னதாவது: "நாலு வகையாரும் ஒரே பாதையில் போனார்கள். நான் அவர்கள் முதுகைப் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டுக்காரனும் தோப்புக்காரனும் மணமகனும் விலகிப் போவது எதற்கு என்று எங்கள் பெரியோர் சொல்லியிருக்கிறார்கள். அஞ்சினவன் அவர்களோடு கலந்து, வெட்கப்படாமல் வீடு போய்ச் சேரத்தான். அவனைப் பிரித்தெடுத்துத் தந்தால் நான் வேதத்தையே விற்றவன் ஆவேன். என் தலை வேண்டுமானால் இருக்கிறது." அதற்கு விடங்கனார், கோழைக்குக் குடை பிடிக்கும் வேதத்தை இன்றுதான் காண்கிறேன் என்று சொல்லி நகைத்தார். அரசியார் நகைக்கவில்லை.

ஆகவே, தந்தைக்கு நிகரானவரே, தங்கள் கேள்விக்குத் தேவியாரின் விடை இது: அஞ்சுகிறவனை வீட்டுக்கு அனுப்புவேன், அவன் பெயரைக் கேட்கமாட்டேன், நிற்கிறவனோடு நானும் நிற்பேன். பெயர்கள் தரப்படமாட்டா. எலெயாசர் ஒப்படைக்கப்படமாட்டார். மலைநாட்டு வேல் இறங்காது என்றால், அந்தக் குறையையும் தாங்குவோம். நட்பை முறிப்பது தங்கள் கையில். எம் கையால் அது முறியாது.

இன்றுமுதல் வெண்கழி நாட்டுப் படை எதுவாயினும், எக்குடியினர் ஆயினும், களம் புகுமுன் நான்கு சொல்லும் சொல்லப்படுக. போனவனிடம் காரணம் கேட்பவன் எவனோ அவன் படையிலிருந்து நீக்கப்படுக. இது ஆணை. அரசியார் திருக்கையால் வலம்புரி முத்திரை இட்டருளினார். கடல் கரையைக் கடவாதிருக்கும்வரை இச்சொல்லும் பிறழாதிருக்க.

முத்திரைக்குக் கீழே இன்னும் ஒன்று எழுத நேர்ந்தது. விடங்கனார் கையில் வரவேண்டிய இவ்வோலை எம் ஆள் கையில் வருவதன் காரணத்தைத் தாங்கள் அறியவேண்டும். அவர் நலமாக உள்ளார், ஆனால் இவ்வோலையை வாங்க வரவில்லை என்பதை முதலில் அறிக. விடையோலைக்காக அவர் இங்கே காத்திருந்தபோது, கொள்ளையர் பாய்கள் மீண்டும் தோன்றின. அவை கரைக்கு வராமலே திரும்பியது பின்னர் நடந்தது. அப்போது அது யாருக்குத் தெரியும்? விடங்கனார் இந்நாட்டின் விருந்தினராய் இருந்தும் தாமே கவசம் பூண்டு எம் படையின் முன்வரிசையில் வந்து நின்றார். அந்தப் பெருந்தன்மையை அரசியார் மறவார். எலெயாசர் நான்கு சொல்லும் சொன்னார். ஒவ்வொரு சொல்லுக்கும் சிலர் வரிசையை விட்டு விலகினார்கள். விடங்கனார் எந்தச் சொல்லின்போது விலகினார் என்பதை அரசியார் கண்டார். இவ்வோலையில் அது எழுதப்படவில்லை, தாங்களும் அவரிடம் கேட்கலாகாது. அவர் தலைக்கவசத்தைக் கழற்றி மணலில் வைத்தார், வாளை அதன்மேல் வைத்தார். கொம்பன் வழிவிட்டு ஒதுங்கினான். அவர் தண்ணீர்க்குடம் சுமந்து போனவர்களின் பின்னே கழிமேட்டுப் பாதையில் நடந்து போனார்.