சிவப்பு வராத மிஷின்

முதலியார்பேட்டை
புதன்கிழமை

அன்பு மகன் கிளாட்வினுக்கு அம்மா முத்தம் வைத்து எழுதுவது. மாதா காவலில் நானும் அப்பாவும் சுகம், நீயும் பிரான்சில் அந்த லியோன் குளிரில் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பாய், இல்லாவிட்டாலும் அம்மாவிடம் அப்படித்தானே சொல்லப்போகிறாய். அப்பாவுக்குப் புதுப் பல் கட்டியாச்சு, சிரித்தால் புது மாப்பிள்ளை மாதிரி இருக்கிறார், அதனாலேயே சிரிக்கமாட்டேன் என்கிறார். போனில் பேசினால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன், பிழையைப் பார்த்துச் சிரிக்காதே.

சேதராப்பட்டில் எங்கள் கம்பெனிக்கு நீ அங்கே செய்கிற மாதிரியே, வேலை பழக ஒரு கண்ணாடி வந்தது. மாட்டிக்கொண்டால் வெறும் மேசைமேல் தகடு அழுத்துகிற பிரஸ் மிஷின் நிற்கிற மாதிரி தெரியும், கை போகவேண்டிய இடத்தைப் பச்சை அம்பு காட்டும், தப்பாகப் போனால் கண்ணெல்லாம் சிவப்பாகும். குறை சொல்லமாட்டேன், எழுத்துக்கூட்டிப் படிக்கிற எனக்கே புரிந்தது, சூப்பர்வைசர் கத்துகிற கத்தலும் மிச்சம். பஸ்ஸில் என் பக்கத்தில் வருகிற தவளக்குப்பத்துப் பெண் சுமலதா, வேலைக்குப் புதுசு, கண்ணாடி மார்க்கில் எல்லோரையும் முந்தினாள். பொண்ணு பாக்க வர்றப்போ இதக் கழட்டாமலே உக்காருடி, மாப்பிள்ள சரியில்லன்னா செவப்பு காட்டிடும் என்று கேலி செய்தேன், விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்த வாரம் கண்ணாடி இல்லாமல் நிஜ மிஷினில் நிறுத்தினார்கள். தகடு மாட்டிக்கொண்டது, எடுக்கக் கையை விட்டாள், வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில், ஏண்டி உள்ள கைய உட்டே என்று கேட்டேன். செவப்பு வரலியேக்கா என்றாள்.

இப்போது ஆபீசில், கண்ணாடியில் முழு மார்க் வாங்கினவள், பயிற்சியில் குறை இல்லை, கவனக்குறைவு அவளுடையது என்கிறார்கள். வெள்ளிக்கிழமை மேலதிகாரிகள் வந்து, கண்ணாடி பிரயோஜனமா என்று எங்களைக் கேட்பார்களாம். பிரயோஜனம் என்று மட்டும் சொன்னால் அவள் வேலை போய்விடும். படம் நல்லாத்தான் காட்டுது, ஆனா செவப்பு வராத மிஷினுக்குப் பயப்பட அது கத்துக்குடுக்கல என்று சொல்லப்போகிறேன். ஒனக்கு எதுக்குடி வம்பு என்கிறார் அப்பா. இது உன் கைக்கு வரும்போது பேசி முடித்திருப்பேன், வேண்டாம்மா என்று நீ தடுக்கமுடியாது.

நேற்று அவளைப் பார்க்கப் போனேன். துப்பட்டாவுக்குள் கையை ஒளித்துக்கொண்டு, இடது கையாலதான் சோறு சாப்புடுறேன்க்கா, யாரும் இல்லாதப்போ என்றாள்.

நேரத்துக்குத் தூங்கு, பூசையை விடாதே. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக. உன் கண்ணாடியைப் போட்டுப் பழகுகிறவர்களை, கடைசியில் சிவப்பை நிறுத்திவிட்டும் பழக்கச் சொல்லி உன் முதலாளியிடம் பேசு. பேசினாயா என்று நான் கேட்பேன்.

உன் வாயாடி அம்மா
புஷ்பமேரி