விமானத்தில் படிக்கக் கொடுத்த நாவல்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நானும் அண்ணியும் சுகம். குழந்தைக்குச் சளி குறைந்ததா? உன் மனைவி மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாளா? குழந்தையைப் பார்த்துக்கொள்ள அண்ணி அங்கே வந்து தங்குவதற்கான விசா வந்துவிட்டது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். நிதானமாகப் படி.

பயணத்தில் பொழுது போகட்டும் என்று அவருக்கு ஒரு நாவல் வாங்கிக் கொடுத்தேன். புள்ளியியல் பாடம் நடத்துகிறவள் நான். கதை படித்து யாரும் மாறியதாக எனக்குத் தெரியாது. அண்ணிக்கோ பயணம் வரை பொறுக்கவில்லை. தையல் கடைக்கு வேலைக்குப் போகும் பேருந்திலேயே தொடங்கிவிட்டார்.

அதில் ஒரு பெண். அவளுக்காக எல்லோரும் முடிவெடுக்கிறார்கள், அவள் தலையாட்டுகிறாள். அண்ணி அவளைத் திட்டிக்கொண்டே படித்தார். "இவளுக்கு வாய் எதுக்கு இருக்கு, கொட்டாவி விடவா?" என்று பட்டன் தைக்கும்போதும் புலம்பல். கடைசிப் பக்கம் வரை அந்தப் பெண் பேசவே இல்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு, போகச் சொன்ன இடத்துக்குப் போய்விடுகிறாள். பின்னட்டையில் அந்த மௌனத்தைத்தான் ஆகா ஓகோ என்று புகழ்ந்திருந்தார்கள். அண்ணி புத்தகத்தை மூடிவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் நான் கல்லூரிக்குக் கிளம்பும்போது வாசலில் வந்து நின்றார். "எனக்கு அங்க வர இஷ்டமான்னு நீங்க ரெண்டு பேரும் என்னைக் கேக்கவே இல்லையே" என்றார். சரி, இப்போது கேட்கிறேன் என்றேன்.

"வரலை" என்றார்.

அண்ணன் இறந்துபோன பிறகு இந்த வீட்டில் அவர் எதையும் மறுத்ததில்லை. இதைச் சொல்லும்போது பார்வை தாழவில்லை. கடையில் பெண்கள் உடைப் பிரிவு முழுவதையும் அவர் பொறுப்பில் விடப்போகிறார்களாம். அதையும் அப்போதுதான் சொன்னார். நாம் டிக்கெட் விலை பார்ப்பதில் மும்முரமாக இருந்தோம், எங்கே சொல்வார்?

வகுப்பில் நாள் முழுக்கப் பேசுகிறவள் நான். ஆனால் அவர் இடத்தில் நின்று அந்த ஒரு சொல்லை என்னால் சொல்லியிருக்க முடியுமா, தெரியவில்லை.

உனக்குக் கஷ்டம்தான். விடுமுறையில் நான் வருகிறேன், அதற்குள் வேறு ஏற்பாடு பார். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது அண்ணியே எடுப்பார். திக்குவார், நடுவில் நிறுத்துவார். காத்திரு. "போனை அக்காகிட்ட குடுங்க" என்று மட்டும் சொல்லிவிடாதே, கண்ணா.

குழந்தை நன்றாக இருக்கட்டும்.

உன் அக்கா