கண்ணாடிக் கூரையில் சுண்ணாம்பு

சின்னம்மா,

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். தபால்காரர் போக முடியாத இடத்துக்கு எழுதுவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. இன்று காலை கிணற்றடியில் சுண்ணாம்பு நீற்றினேன். அது கொதித்து அடங்கும்போது வரும் வாசனை மூக்கில் ஏறியதும், கை தானாகக் காகிதத்தைத் தேடியது. மாசி பிறந்துவிட்டது. நம் கண்ணாடி வீட்டுக் கூரைக்கு வெள்ளை பூசும் காலம்.

அப்பாவைக் கட்டிக்கொண்டு இந்த அல்சூர் வீட்டுக்கு நீங்கள் வந்தபோது நான் பாவாடை கட்டிய சிறுமி. அம்மா போய் அதிக நாள் ஆகவில்லை. நமக்குள் சண்டை இருந்ததில்லை, பேச்சும் இருந்ததில்லை. யாராவது என்னைக் காட்டி யார் என்று கேட்டால், "அவரோட பொண்ணு" என்பீர்கள். அது உண்மைதான். அதனால் வருத்தப்படவும் எனக்கு வழியில்லை.

நான் காலேஜில் சேர்ந்த வருஷம், பிரேசர் டவுனில் ஒரு தோழி வீட்டிலிருந்து பெகோனியா இலை ஒன்றை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தேன். மேலே வெள்ளி தெளித்த மாதிரி, அடியில் ரத்தச் சிவப்பு. மணலில் கிடத்தினால் இலை நரம்பிலிருந்தே செடி வரும் என்று அவள் சொல்லியிருந்தாள். நீங்கள் நம்பவில்லை. ஆனால் விடிந்ததும் போய்ப் பார்த்தது நீங்கள்தான். காதுமடல் போல ஒரு துளிர் எழுந்த அன்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினீர்கள். நீங்கள் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

கார்த்திகையில் வீசிய உலர்ந்த குளிர்காற்று, அந்த இலையில் முளைத்த செடிகளில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கருக்கிவிட்டது. அன்று இரவு சாப்பாட்டின்போது அப்பாவிடம் கண்ணாடி வீடு வேண்டும் என்று கேட்டீர்கள். அவரோ கொல்லையில் அந்த இடத்தில் மாடு கட்டுவதாக இருந்தார். மாமா வீட்டிலிருந்து ஒரு கறவை வருவதாகப் பேச்சு. சிரித்துக்கொண்டேதான் பதில் சொன்னார்.

"ஆகஸ்ட்டு வரைக்கும் வெச்சுக்கோ. லால்பாக் கண்காட்சியில ஒரு தொட்டிக்காவது பரிசு வந்தா அது உன் எடம். இல்லேன்னா மாடு வரும்."

அவர் விளையாட்டாகச் சொன்னார். நீங்கள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. உங்களுடையது என்று சொல்ல அதுவரை இந்த வீட்டில் ஒரு சாண் இடம்கூட இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மூங்கில் தட்டி போதும், செலவும் குறைவு என்றார் ஆசாரி. காற்றை நிறுத்தாத வீடு என்ன வீடு என்று கேட்டுவிட்டு, கண்டோன்மெண்டில் இடித்த ஒரு பங்களாவின் ஜன்னல்களை ஏலத்தில் எடுக்க வைத்தீர்கள். மார்கழியில் எவனாவது வீடு கட்டுவானா என்று அப்பா கேலி செய்தபோது, செடிக்கு மார்கழி தெரியாது என்றீர்கள். காலேஜ் நூலகத்து ஆங்கிலத் தோட்டப் புத்தகத்தை நான் படித்துச் சொல்லச் சொல்ல, நீங்கள் கரித்துண்டால் தரையில் கோடு போட்டீர்கள். தெற்கே பார்த்திருக்கட்டும், வெயில் துளியும் வீணாகக் கூடாது என்றது புத்தகம். குளியலறைச் சுவரை ஒட்டி அப்படியே நிறுத்தினோம். மிஞ்சிய செடியின் இலைகளைக் கிடத்திப் புதுத் தொட்டிகளையும் நிரப்பினோம். அது பனி கொட்டும் தேசத்துப் புத்தகம் என்பது நம் இருவருக்கும் தோன்றவில்லை.

மாசி வெயில் நம்மைத் தோற்கடித்தது. கதவைத் திறந்தால் வெந்த கீரை வாசனை. "இட்லிக் கொப்பரைய உள்ள வெச்சிடு, வெறகு மிச்சம்" என்றார் அப்பா. நான் சுவரோரம் நின்று அழுதேன். நீங்கள் அழாமல் கருகிய இலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தீர்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோதுதான் கவனித்தேன். மூலையில் இருந்த தொட்டிகள் மட்டும் பச்சையாக நின்றன. அண்ணாந்து பார்த்தேன். பொங்கலுக்குச் சுவருக்கு வெள்ளை அடித்தபோது சிதறிய சுண்ணாம்பு, அந்த மூலைக் கண்ணாடியில் திட்டாகக் காய்ந்திருந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று வெகுநேரம் தயங்கிவிட்டு, மெல்லிய குரலில் சொன்னேன். நீங்கள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, சுண்ணாம்பு வாளியோடு ஏணியில் ஏறிவிட்டீர்கள். பெண்பிள்ளை கூரையேறியதைப் பார்க்கப் பக்கத்து வீட்டு மாடியில் கூட்டம் கூடியது.

"வெளிச்சத்துக்குத்தானே கண்ணாடி போட்டீங்க? அதுக்கு மேல சுண்ணாம்பா?" என்று அந்த வீட்டம்மா கேட்டார்.

"செடிக்குக் கண்ணு கூசுதாம்" என்றீர்கள், திரும்பிப் பார்க்காமலே.

ஜன்னல்கள்தானே, மேல்வரிசையைத் திறந்தும் வைத்தோம். செடிகள் மூச்சுவிட்டன. ஆனியில் மழை இறங்கியபோது சுண்ணாம்பு தானாகக் கரைந்து வழிந்தது. வெளிச்சம் வேண்டிய நேரத்தில் கூரை தானாகத் திறந்துகொண்டது. வாசலில் நின்று இருவரும் நனைந்துகொண்டே பார்த்தோம்.

ஆகஸ்ட்டில் நம் பெகோனியா லால்பாக் போனது. தொட்டியில் கட்டிய அட்டையில் அப்பாவின் பெயர். உங்கள் பெயரைப் போடலாம் என்று நான் முணுமுணுத்ததற்கு, "வேணாம்மா, நாலு பேர் படிப்பாங்க" என்றுவிட்டீர்கள். முதல் பரிசு. மைசூர்ப் பேட்டாத் தலைப்பாகை கட்டிய அதிகாரி ஒருவர் வந்து, இலைக்கு இந்த நிறம் எப்படி வந்தது என்று அப்பாவிடம் கன்னடத்தில் விசாரித்தார். அப்பா விழித்தார். பின்னால் நின்ற உங்களைப் பார்த்தார். நீங்கள் என் முதுகில் கை வைத்து முன்னே தள்ளினீர்கள்.

"எங்க பொண்ணு சொல்லுவா."

அந்நிய மனிதர் முன் வாய் திறந்தறியாதவள் நான். அன்று வெயிலையும் சுண்ணாம்பையும் மழையையும் நின்று நிதானமாகக் கன்னடத்தில் சொன்னேன். சுற்றி நின்றவர்கள் கேட்டார்கள். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. திரும்பும் வழியில் ஜட்கா வண்டியில், மாடு வேண்டாம் என்று மாமாவுக்கு எழுதிவிடுவதாக அப்பா சொன்னார். நீங்கள் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி சிரித்தீர்கள்.

போன ஐப்பசியில் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது. நான் பி.ஏ. தேறி, பெண்கள் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். ஒவ்வொரு நாளும் வகுப்பில் பேச எழும்போது முதுகில் ஒரு கை படுகிறது. இன்று கூரையேறியது நான். அதே பக்கத்து வீட்டம்மா மாடியிலிருந்து, "கண்ணு கூசுதா?" என்று கேட்டார். ஆமாம் என்று கத்தினேன். தெருவே கேட்டிருக்கும். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் அப்பா.

செடிகள் நன்றாக இருக்கின்றன. இந்த ஆகஸ்ட்டிலும் போகிறோம், ஜெயிப்போம். அட்டையில் இம்முறை உங்கள் பெயர்தான், அப்பா சம்மதித்துவிட்டார். நாலு பேர் படிக்கட்டும். இது நான் கேட்பதல்ல, முடிவு செய்துவிட்டது.

கேட்பது வேறு. உங்கள் பெயருக்குக் கீழே கொஞ்சம் இடம் இருக்கும். அங்கே 'மகளும்' என்று எழுதிக்கொள்ளட்டுமா?