ஆட்டுக்குச் சொன்னது

வில்பெரின் அப்பாவுக்கு,

போனை நீ எடுப்பதில்லை. அதனால் பிள்ளையின் ஞானத்தகப்பன் எழுத, நான் சொல்கிறேன். கறுப்பு ஆடு இரட்டைக் குட்டி போட்டிருக்கிறது. ஒன்றுக்குப் பால் கொடுக்க மாட்டேன் என்கிறது. நான்தான் அதைப் பிடித்து நிறுத்துகிறேன், இடுப்பு விட்டுப்போகிறது. அது கிடக்கட்டும்.

லிமாவுக்குப் பஸ் ஏறும்போது நீ, "பிள்ளைகிட்ட ஸ்பானிஷ் மட்டும் பேசு. நம்ம கெச்சுவா பாஷையால இந்த ஊர்க்காரன்னு நான் பட்ட அவமானம் போதும்" என்றாய். என் ஸ்பானிஷ் சந்தையில் உருளைக்கிழங்கு விற்கத்தான் காணும். அதனால் அவனிடம் பேச்சையே குறைத்துக்கொண்டேன்.

"என்னம்மா, பிள்ளைய வளக்கிறியா, கல்ல வளக்கிறியா?" என்று இதை எழுதுகிறவரே கேட்டார். அவருக்கென்ன, முதல் முடியை ஞானத்தகப்பன்தானே வெட்ட வேண்டும், கத்தரிக்கோலைத் தீட்டி வைத்திருக்கிறார். பேச்சு வராத பிள்ளைக்கு முதல் முடி வெட்டக் கூடாதே! இரண்டு வயது தாண்டியும் முடி தோளில் புரண்டது.

ஞாயிற்றுக்கிழமை போனில், "அப்பான்னு சொல்லுடா" என்று ஸ்பானிஷில் கெஞ்சினாய். அவன் வாயைத் திறந்து, சுத்தமான கெச்சுவாவில், "வா, வா, வீட்டுக்கு வா, இருட்டப்போகுது" என்றான்.

"ஏமாத்திட்டியேடி" என்று போனை வைத்துவிட்டாய்.

சத்தியமாக நான் சொல்லித்தரவில்லை. அவனை முதுகில் கட்டிக்கொண்டு சாயங்காலம் ஆடுகளை அப்படித்தான் கூப்பிடுவேன். ஆடுகளிடம் எதில் பேசுவது என்று நீ சொல்லவில்லையே.

பேச்சு வந்துவிட்டதால் முடி வெட்ட நாள் பார்க்கிறோம். இப்போதெல்லாம் அவனே கூப்பிடுகிறான். ஆடுகள் வந்துவிடுகின்றன.

இப்படிக்கு,
உன் பிள்ளையின் அம்மா